இன்குபேட்டரில் ஏன் குஞ்சு பொரிக்கவில்லை? சென்னை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

இருபத்திரண்டாம் நாள் ராத்திரி. இருபத்து நான்கு முட்டை வைத்த பெட்டியில் மூன்றே மூன்று குஞ்சு. மற்றவை அசையாமல் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். ஒரு 'கீச்' கூட இல்லை. மாடம்பாக்கத்தில் என் முதல் ஈடு இப்படித்தான் போனது. (இட்லிக்கு ஈடு சொல்வது போலத்தான் எங்கள் வீட்டில் முட்டைக்கும் சொல்கிறோம்.)

அன்றைக்கு நான் செய்த பெரிய தப்பு, மிச்ச முட்டைகளைக் கவரில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டது. இரண்டாவது ஈட்டிலும் அதேபோல் ஆனபோது எதிர்வீட்டு அக்கா, "உடைச்சுப் பாத்தியா?" என்று கேட்டார். ஊரில் இருந்தபோது அடைக்கோழி வைத்துப் பழகியவர். உடைத்துப் பார்த்தோம். பதினைந்து முட்டையில் முழுதாக வளர்ந்த குஞ்சு, உடம்பெல்லாம் நீர் கோத்து, பிசுபிசுவென்று செத்துக் கிடந்தது. முட்டையிலும் சேவலிலும் குறை இல்லை. பெட்டியோடு வந்த தாளைப் பார்த்து முதல் நாளிலிருந்தே இரண்டு தண்ணீர்க் குழியையும் நிரப்பிய நான்தான் காரணம்.

இன்குபேட்டர் பற்றிய பெரும்பாலான குறிப்புகள் குளிர்ந்த, வறண்ட ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சென்னையில் காற்றே பாதித் தண்ணீரைக் கொண்டுவந்துவிடும், சமையலறை மேடையே பாதி இன்குபேட்டர் ஆகிவிடும். அதனால் இங்கே கோளாறு வேறு இடங்களில் வரும்.

முதல் படி: பொரிக்காத முட்டையை உடைத்துப் பார்ப்பது

இருபத்து மூன்றாம் நாள் முடியும்வரை பொறுங்கள். சூடு கொஞ்சம் குறைவாக இருந்த பெட்டியில் குஞ்சு ஒன்றிரண்டு நாள் தாமதமாக வரும். அதற்குப் பிறகும் அசைவில்லாத முட்டைகளை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், பழைய செய்தித்தாள் விரித்து, கையுறை போட்டுக்கொண்டு உடையுங்கள். அகன்ற முனையைக் கரண்டிக் காம்பால் தட்டி, ஓட்டைத் துண்டு துண்டாக உரித்தெடுத்தால் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று கலையாமல் தெரியும். நாற்றம் அடிக்கும் முட்டையை உடைக்க வேண்டாம், அதன் கதை தனி.

ஒவ்வொரு முட்டைக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: கரு எவ்வளவு பெரியது, தலை எந்த முனையில், மஞ்சள் கரு வயிற்றுக்குள் போய்விட்டதா, நீர் தேங்கியிருக்கிறதா. பத்து முட்டை உடைப்பதற்குள் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

எல்லாம் கருவே இல்லாத முட்டை என்றால் சேவலையோ முட்டை வாங்கிய இடத்தையோ பாருங்கள். முதல் நான்கைந்து நாளில் இறந்தவை அதிகம் என்றால் முட்டையைச் சேர்த்து வைத்த விதத்திலோ, தொடக்கத்துச் சூட்டிலோ குறை. நடுவில், அதாவது எட்டிலிருந்து பதினாறாம் நாளுக்குள் இறப்பது சாதாரணமாகவே குறைவு. அது அதிகமாக இருந்தால் தாய்க்கோழியின் தீனி, கிருமி, அல்லது நடுவில் ஒருநாள் சூடு எகிறியது. முழுதாக வளர்ந்து கடைசியில் இறந்தவை அதிகம் என்றால் ஈரம், காற்றோட்டம், உருட்டல் (முட்டையைத் திருப்பிவிடுவது) மூன்றில் ஒன்று. சென்னையில் நான் பார்த்தவரை இந்தக் கடைசி வகைதான் பெரும்பாலும்.

இரண்டாம் படி: கூமுட்டையா, செத்த கருவா?

ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சின் மேல் அகன்ற முனையை வைத்துப் பாருங்கள். வெளிச்சம் ஓரத்தில் கசியாமல் கையைக் குவித்துக்கொள்ளுங்கள். நல்ல கரு என்றால் நடுவில் ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றிச் சிலந்திக் கால் போல ரத்த நாளங்கள். புள்ளி லேசாக ஆடும். நாளங்கள் இல்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு உருவாகி ரத்தம் ஓட ஆரம்பித்த பிறகு இறந்துவிட்டது. ஒன்றுமே இல்லாமல் பளிச்சென்று தெரிந்தால் கூமுட்டை என்போம்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். முதல் ஒன்றிரண்டு நாளிலேயே இறந்த கருவும் டார்ச்சில் கூமுட்டை போலத்தான் தெரியும். உடைத்தால்தான் வித்தியாசம் புரியும். கருக்கூடாத முட்டையில் மஞ்சள் கருவின் மேல் சின்னதாக, ஓரம் ஒழுங்கில்லாத வெள்ளைப் பொட்டு இருக்கும். வளரத் தொடங்கி இறந்ததில் அந்தப் பொட்டு பெரிதாகி, பஞ்சு படர்ந்த மாதிரி வெளிறிய வட்டமாக இருக்கும். முதல் வகைக்குச் சேவலைத் திட்டலாம். இரண்டாவதற்குச் சேவல் பொறுப்பில்லை.

அடை வைப்பதற்கு முன்பே சோதிக்க ஒரு வழி உண்டு. அதே கோழிகளின் முட்டை மூன்று நான்கை ஆம்லெட்டுக்கு உடைக்கும்போது மஞ்சள் கருவைப் பாருங்கள். வெள்ளைப் பொட்டைச் சுற்றி வளையம் இருந்தால் கருக்கூடிய முட்டை. நான்கில் ஒன்றில்தான் வளையம் என்றால் இன்குபேட்டரைச் சரிசெய்து பயனில்லை. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது சாதாரணக் கணக்கு. புதுச் சேவல் விட்ட பிறகு ஒரு வாரம் பத்து நாள் கழித்து முட்டை சேருங்கள். மே மாத வெயிலில் சேவலும் சோர்ந்துவிடும், அப்போது கருக்கூடுவது குறைவது இயல்பு.

மளிகைக் கடையில் வாங்கும் நாமக்கல் வெள்ளை முட்டையை வைத்துப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பண்ணையில் சேவலே கிடையாது. நூறு நாள் வைத்தாலும் பொரிக்காது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் வாங்கி, பைக்கில் குலுங்கி வந்த முட்டையை உடனே வைக்காதீர்கள். கூர் முனை கீழே இருக்கும்படி அட்டையில் நிறுத்தி அரை நாளாவது, முடிந்தால் ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு வையுங்கள். உள்ளே அகன்ற முனையில் இருக்கும் காற்றறை நிலைக்க நேரம் வேண்டும். டார்ச்சில் பார்க்கும்போது காற்றறை தண்ணீர்மட்டம் போல அங்கும் இங்கும் ஓடினால் அந்த முட்டையில் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

மூன்றாம் படி: முட்டை சேர்த்து வைத்த இடம்

கோழிக்கரு ஏறக்குறைய 20, 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் தூங்கும். அதற்கு மேலே போனால் மெல்ல வளர ஆரம்பிக்கும், ஆனால் முறையாக வளர 37.5 வேண்டும். 30 டிகிரி அறையில் ஒரு வாரம் கிடந்த முட்டை தூங்கவும் இல்லை, விழிக்கவும் இல்லை. அரைகுறையாக வளர்ந்து பலவீனமாகிவிடுகிறது. பிறகு இன்குபேட்டரில் வைத்ததும் முதல் இரண்டு நாளில் இறக்கிறது. நாம் கூமுட்டை என்று தூக்கிப்போடுகிறோம்.

குஞ்சுப் பண்ணைகளில் 15லிருந்து 18 டிகிரிக்குள் வைத்து ஒரு வாரத்துக்குள் அடை வைத்துவிடுவார்கள். நம் வீட்டில் அதற்கு என்ன வழி? ஃப்ரிட்ஜின் மேல்தட்டு 4, 5 டிகிரி, அது வேண்டாம், கருவுக்குக் குளிர் அதிகம். ஈர மணலில் புதைத்த பானை மதுரைப் பக்கம் நன்றாக வேலை செய்யும். சென்னையில் காற்று ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் தண்ணீர் ஆவியாவது குறைவு, பானை இரண்டு மூன்று டிகிரி குறைத்தாலே பெரிது. ராத்திரி ஏசி ஓடும் அறையில் கட்டிலுக்கடியில் வைப்பது அதைவிடப் பரவாயில்லை. ஆனால் பகலில் ஏசியை அணைத்ததும் சூடு ஏறி, ராத்திரி இறங்கி, முட்டை வியர்க்கும். வியர்த்த ஓட்டின் வழியாகக் கிருமி உள்ளே போகும்.

அதனால் என் வழக்கம் எளிது: ஏப்ரலிலிருந்து ஜூலைவரை மூன்று நாளுக்கு மேல் முட்டை சேர்ப்பதில்லை. ஐந்து பெட்டை வைத்திருப்பவருக்கு மூன்று நாளில் பத்துப் பன்னிரண்டு முட்டைதான் சேரும். சேரட்டும். வாரக்கணக்காகச் சேர்த்த முப்பது முட்டையில் பொரிப்பதைவிட அந்தப் பன்னிரண்டில் அதிகம் பொரித்த ஈடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

எச்சம் ஒட்டிய முட்டையைக் கழுவாதீர்கள். குறிப்பாகக் குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் முட்டையின் உள்ளிருப்பது சுருங்கி, அழுக்கை ஓட்டின் துளைகள் வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். லேசான அழுக்கை உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். அழுக்கு அதிகம் என்றால் அந்த முட்டை பொரியலுக்கு.

நாற்றம் அடிக்கும் முட்டையின் கதை இதுதான். கிருமி புகுந்து உள்ளே வாயு சேரும். ஓட்டின் மேல் தேன் நிறத்தில் சொட்டுகள் துளிர்க்கும். என் பெட்டியில் ஒருமுறை பதினைந்தாம் நாள் அப்படி ஒன்றைப் பார்த்தும் நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு 'டப்' என்று சத்தம். பக்கத்தில் இருந்த பதினோரு முட்டைகள் மீதும் சாம்பல் பச்சைக் குழம்பு. வீட்டில் மூன்று நாள் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. துளிர்ப்பதைப் பார்த்தால் அப்போதே, கவருக்குள் கையை விட்டு, அசைக்காமல் எடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: சூடு

முதல் சந்தேகம் தெர்மாமீட்டர் மேல் இருக்கட்டும். பெட்டியோடு வரும் டிஜிட்டல் திரை காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கிறதே, அது நமக்கு வேண்டிய 37, 38 டிகிரி அளவிலேயே துல்லியமாக இருப்பதற்காகச் செய்யப்பட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் அதையும் இன்குபேட்டரின் சென்சார் முனையையும் ஒன்றாக வைத்து ஒப்பிடுங்கள். சென்சார் ஒரு டிகிரி கூட்டிக் காட்டினால் அந்த ஒரு டிகிரியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு செட் செய்யுங்கள்.

ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி. ஃபேன் இல்லாத பெட்டியில் சூடு மேலே தேங்கும், அதனால் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3லிருந்து 38.8வரை வைக்க வேண்டும். ஃபேன் பெட்டிக்கான எண்ணை ஃபேன் இல்லாத பெட்டியில் வைத்துவிட்டு, இருபத்து மூன்றாம் நாளும் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். சென்சார் முட்டை உயரத்தில் தொங்க வேண்டும். பல்பு வெளிச்சம் நேராக அதன் மேல் விழுந்தால் அது தன் சூட்டைத்தான் சொல்லும், முட்டையின் சூட்டை அல்ல.

கரு குளிரைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. இரண்டு மணி நேரம் 33 டிகிரிக்கு இறங்கினால் பொரிப்பது தள்ளிப்போகும், அவ்வளவுதான். 41க்கு மேல் கொஞ்ச நேரம் போனாலே கதை முடிந்துவிடக்கூடும். தெர்மோகோல் பெட்டியில் பல்பு, பழைய கம்ப்யூட்டர் ஃபேன், சூட்டைக் கட்டுப்படுத்தும் சின்ன தெர்மோஸ்டாட் போர்டு வைத்துச் சொந்தமாகச் செய்தவர்கள் பயப்பட வேண்டியது, அந்தப் போர்டில் சுவிட்சாக இருக்கும் ரிலேக்குத்தான். நாள் முழுக்க டிக் டிக் என்று போட்டு அணைத்துக்கொண்டே இருக்கும் ரிலே, ஒருநாள் உள்ளே ஒட்டிக்கொண்டுவிடும். பல்பு அணையாது. நான் ஆபீஸிலிருந்து திரும்பி வந்தபோது திரையில் 44 என்று இருந்தது. பன்னிரண்டாம் நாள் முட்டைகள் அத்தனையும் அவிந்துபோயிருந்தன.

அதற்குப் பிறகு ரிச்சி தெருவில் இன்னொரு தெர்மோஸ்டாட் வாங்கி, பல்புக்குப் போகும் அதே ஒயரில் தொடராக இணைத்து 38.5க்கு வைத்திருக்கிறேன். முதலாவது ஒட்டிக்கொண்டாலும் இரண்டாவது அணைத்துவிடும். ஒரு பெரிய பல்புக்குப் பதில் இரண்டு சின்ன பல்பு போடுங்கள், ஒன்று ஃப்யூஸ் போனாலும் மற்றது காப்பாற்றும். என் மச்சான் ஒருத்தர் கரண்ட் மிச்சம் என்று எல்இடி பல்பு போட்டுவிட்டு, சூடு ஏறவில்லை என்று இரண்டு நாள் போர்டை மாற்றிக்கொண்டிருந்தார். சூடு தருவது பழைய குண்டு பல்புதான். அது கிடைக்காவிட்டால் செராமிக் ஹீட்டர் வாங்கலாம்.

இன்குபேட்டருக்குச் சூடாக்கத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறை 38 டிகிரி ஆகிவிட்டால் பெட்டிக்குள்ளும் அதற்குக் குறையாது. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அது அரிதுதான், ஆனால் கத்திரி வெயிலில் 40ஐத் தொடுவது புதிதல்ல. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறையோ மேற்குப் பார்த்த சுவரோ அதையும் தாண்டும். மே மாதத்தில் பெட்டியைத் தரைத்தளத்துக்கு, நடு வீட்டுக்கு, வெயில் படாத மூலைக்கு இறக்கிவிடுங்கள். மாடி அறையில் வைத்தே தீர வேண்டும் என்றால் அந்த மாதம் அடை வைக்காமல் விடுவதுதான் புத்தி.

ஐந்தாம் படி: ஈரம்

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். காற்றைச் சூடாக்கினால் அதன் ஈரச் சதவீதம் குறையும். வெளியே 32 டிகிரியில் 70 சதவீத ஈரம் இருந்தால், அதே காற்று 37.5 டிகிரிப் பெட்டிக்குள் போனதும் ஏறக்குறைய 50 சதவீதம். முதல் பதினெட்டு நாளைக்கு வேண்டியது 45லிருந்து 55. அதாவது ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே சரியாக இருக்கிறது! ஐப்பசி கார்த்திகை அடைமழையில் 28 டிகிரி, 90 சதவீதம் என்றாலும் பெட்டிக்குள் 53 வரும். இதன் மேல் இரண்டு குழியிலும் தண்ணீர் நிரப்பினால் 70ஐத் தாண்டும். முட்டையிலிருந்து நீர் ஆவியாக முடியாது, காற்றறை பெரிதாகாது, கடைசியில் குஞ்சு மூச்சுவிட இடமில்லாமல், தன் நீரிலேயே மூழ்கும். என் முதல் இரண்டு ஈட்டில் நடந்தது இதுதான்.

இதற்கு நேர் எதிரான வீடும் உண்டு. 24 டிகிரி ஏசி அறையில் 50 சதவீத ஈரம் என்றால் பெட்டிக்குள் 23தான். அங்கே தண்ணீர் வைக்காவிட்டால் முட்டை வற்றிவிடும். மார்கழி, தை இரவுகளிலும் பனி கொட்டினாலும் காற்று குளிர்ந்திருப்பதால் பெட்டிக்குள் 35 பக்கம் இறங்கும், சின்னக் குழி ஒன்றில் தண்ணீர் தேவைப்படும். அடுத்த தெருக்காரர் சொன்ன அளவை அப்படியே பின்பற்றினால் ஏன் நமக்குச் சரிவராமல் போகிறது என்பதற்கு இதுவே காரணம்.

ஈரம் காட்டும் மலிவான கருவிகள் பத்துச் சதவீதம்வரை தப்பாகக் காட்டும். சோதிப்பது சுலபம். பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கரையாமல் ஈர மணல் பதத்தில் வையுங்கள். மூடியையும் கருவியையும் ஒரு ஜிப் கவரில் போட்டு மூடி எட்டு மணி நேரம் விட்டால் கருவி 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் ஏழு குறைத்துச் சொல்கிறது என்று அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஆனால் இந்தச் சதவீதங்களை எல்லாம்விட நான் நம்புவது சமையலறைத் தராசைத்தான். பதினெட்டு நாளில் முட்டை தன் எடையில் 11லிருந்து 13 சதவீதம் இழக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். என் கடைசி ஈட்டுக் கணக்கைச் சொல்கிறேன். பன்னிரண்டு நாட்டுக்கோழி முட்டை, வைத்த அன்றைக்கு மொத்தம் 540 கிராம். 12 சதவீதம் என்றால் 65 கிராம், நாளைக்கு மூன்றரை கிராம் சொச்சம். ஏழாம் நாள் 515, பதினாலாம் நாள் 490, பதினெட்டாம் நாள் 475 இருக்க வேண்டும். ஏழாம் நாள் நிறுத்தபோது 521. எடை போதுமான அளவு குறையவில்லை. இருந்த கொஞ்சம் தண்ணீரையும் எடுத்துவிட்டு, மேல் துளையை முழுதாகத் திறந்தேன். பதினாலாம் நாள் 494. பதினெட்டாம் நாள் 477. பத்துக் குஞ்சு. நடுவில் கருவில்லாத முட்டையை எடுத்தால் அதன் எடையைத் தொடக்கக் கணக்கிலிருந்தும் கழிக்க மறக்காதீர்கள். அதற்காகவே ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் எண்ணையும் எடையையும் எழுதுகிறேன்.

எடை வேகமாகக் குறைந்தால் தண்ணீர் வையுங்கள். ஆழம் முக்கியமில்லை, தண்ணீரின் பரப்புதான் முக்கியம். டம்ளர் நிறைய வைப்பதைவிட அகலமான மூடியில் ஒரு விரல் கணுவளவு வைத்தால் ஈரம் அதிகமாக ஏறும்.

ஆறாம் படி: உருட்டல்

இதில் பெரிய ரகசியம் இல்லை. ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்புங்கள். ஒற்றைப்படை எதற்கு என்றால், நீளமான ராத்திரி நேரத்தில் ஒரே பக்கம் தினமும் மேலே இருக்காது. திருப்பாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். தானியங்கி டர்னர் வைத்திருப்பவர்கள் அது உண்மையில் திரும்புகிறதா என்று குறியைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். முட்டையை நிறுத்தி வைக்கும் டிரே என்றால் கூர் முனை எப்போதும் கீழே. உடைத்துப் பார்க்கும்போது குஞ்சின் தலை கூர் முனையில் இருந்தால், பெரும்பாலும் முட்டையைத் தலைகீழாக வைத்திருப்பீர்கள். பதினெட்டாம் நாளோடு உருட்டலை நிறுத்திவிடுங்கள்.

ஏழாம் படி: கரண்ட் போனால்

ஒரு மணி, இரண்டு மணி நேரம் போனால் ஒன்றும் செய்யாதீர்கள். திறந்து பார்க்காமல் இருப்பதே பெரிய உதவி. சென்னை அறைச் சூட்டில் பெட்டி மெதுவாகத்தான் ஆறும். நான்கைந்து மணி நேரம் என்றால் வெந்நீர் ஊற்றிய பாட்டில்களைத் துணியில் சுற்றி உள்ளே, முட்டையைத் தொடாமல் வையுங்கள். போர்வை போர்த்தலாம், காற்றுத் துளையை மட்டும் அடைக்காதீர்கள். பதினைந்து நாளைத் தாண்டிய கரு மூச்சுவிடுகிறது, தானே சூடும் தருகிறது. ஃபேன் நின்றுபோன, இறுக்க மூடிய பெட்டியில் குளிரைவிடப் புழுக்கத்தால் ஆபத்து.

2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நேரத்துக்கு 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் பெட்டியோ இன்வெர்ட்டரோ தவிர வேறு வழி கிடையாது. அல்லது ஒரு அடைக்கோழி. சிறுவிடை ரக நாட்டுப் பெட்டை ஒன்று அடைக்கு உட்கார்ந்திருந்தால் ராத்திரியில் பத்துப் பன்னிரண்டு முட்டையை அதன் அடியில் நகர்த்திவிடலாம். அது ஈரமும் பார்க்காது, டிகிரியும் பார்க்காது, நம்மைவிட நன்றாகப் பொரிக்கும்.

எட்டாம் படி: கடைசி மூன்று நாள்

பதினெட்டாம் நாள் உருட்டலை நிறுத்தி, ஈரத்தை 65, 70க்கு ஏற்றுங்கள். இப்போதுதான் தண்ணீர்க் குழிகளை நிரப்ப வேண்டும். குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பாக ஊற்றுங்கள். திறந்த பாத்திரம் என்றால் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் ஈரக் குஞ்சு அதில் விழுந்து சாகும். தரையில் சொரசொரப்பான ரப்பர் விரிப்போ பழைய டர்க்கித் துண்டோ விரியுங்கள். வழுக்கும் பிளாஸ்டிக்கில் குஞ்சின் கால் இரண்டு பக்கமும் விரிந்து அப்படியே நின்றுவிடும். காற்றுத் துளை எல்லாம் திறந்திருக்க வேண்டும்.

அப்புறம் மூடுங்கள். திறக்காதீர்கள். இது சொல்லச் சுலபம். முதல் ஓட்டை விழுந்ததும் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எல்லாம் வந்துவிடும், "ஒரே ஒரு தடவை அங்கிள்" என்பார்கள். மூடியைத் திறந்ததும் ஈரம் சட்டென்று வெளியேறும், பாதி உடைத்த முட்டையின் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் பிளாஸ்டிக் கவர் போல இறுகும். குஞ்சால் திரும்ப முடியாது. உடைத்துப் பார்க்கும்போது சவ்வு காகிதம் போல ஒட்டியிருந்தால் காரணம் இதுதான்.

ஓட்டில் முதல் ஓட்டை போட்ட பிறகு குஞ்சு ஓய்வெடுக்கும். பன்னிரண்டு மணி, சில சமயம் இருபத்து நான்கு மணி நேரம்கூட. அந்த நேரத்தில்தான் மிச்ச ரத்தம் உடம்புக்குள் போகிறது, மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. பாவம் என்று நாம் ஓட்டை உரித்தால் ரத்தம் கொட்டும். ஒரு நாள் முழுக்க எந்த முன்னேற்றமும் இல்லை, ஆனால் கத்துகிறது என்றால் மட்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கி, துளைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஓட்டுத் துண்டை மட்டும் எடுங்கள். சவ்வில் சிவப்பு நாளம் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மூடுங்கள்.

வெளியே வந்த குஞ்சு காய்ந்து பஞ்சு மாதிரி ஆகும்வரை உள்ளேயே இருக்கட்டும். வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு அதற்கு இரண்டு நாள் சாப்பாடு.

எறும்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஓட்டில் ஓட்டை விழுந்த வாசனைக்குச் சிவப்பு எறும்பு வரிசை கட்டி வரும். பெட்டியை நான்கு காலுள்ள ஸ்டூலில் வைத்து, ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். ஒயரைக் கவனியுங்கள், அதுவும் எறும்புக்குப் பாலம்தான்.

ஒன்பதாம் படி: வந்த குஞ்சைப் பாருங்கள்

பொரித்த குஞ்சுகளும் பெட்டியின் கோளாறைச் சொல்லும். இருபதாம் நாளுக்கு முன்பே வந்து, தொப்புள் சரியாக மூடாமல் ரத்தக்கறையோடு இருந்தால் சூடு அதிகம். தாமதமாக வந்து, வயிறு பெருத்து மெத்தென்று, நடக்கத் தள்ளாடினால் சூடு குறைவு. உடம்பில் பசை ஒட்டினது போல வந்தால் ஈரம் அதிகம். சின்னதாக, ஒட்டிய மயிரோடு வந்தால் வற்றிவிட்டது. விரல்கள் உள்ளே சுருண்டிருந்தால் தாய்க்கோழிக்கு பி2 வைட்டமின் குறைவாக இருக்கலாம். வெறும் குருணையும் மிச்சச் சோறும் போட்டு வளர்க்கும் வீடுகளில் இது வரும், கீரையும் முட்டைக்கோழித் தீனியும் கொடுக்க ஆரம்பியுங்கள்.

எல்லாம் சரிபார்த்த பிறகும் நடு நாள்களில் கருக்கள் இறந்துகொண்டே இருந்தால் கோழிகளில் நோய் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போகும்போது நோட்டையும் கொண்டுபோங்கள், எந்த நாளில் எத்தனை என்று எழுதியிருந்தால் அவர்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.

அடுத்த ஈட்டுக்கு முன்

பெட்டியைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து ஒரு நாள் வெயிலில் காயவிடுங்கள். தெர்மோகோல் நாற்றத்தைக் குடித்துக்கொள்ளும், நாலைந்து ஈட்டுக்குப் பிறகு புதுப் பெட்டி மாற்றுவது மலிவு. பண்ணைகளில் கிருமியைக் கொல்ல ஃபார்மலின் புகை போடுவதைப் பார்த்துவிட்டு வீட்டில் முயல வேண்டாம், அது கண்ணையும் நுரையீரலையும் பதம் பார்க்கும். முட்டை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்கப் பெட்டியை வெறுமனே ஓட்டிச் சூடு நிலைக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு ஈட்டில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் மூன்றாவது ஈட்டில் தண்ணீரை மட்டும் நிறுத்தினேன், மற்ற எல்லாம் பழையபடி. இருபத்து நான்கில் பதினேழு வந்தது. எதிர்வீட்டு அக்காவுக்கு நாலு குஞ்சு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, மிச்சம் ஏழையும் உடைத்துப் பார்த்தாயா என்றுதான் முதலில் கேட்டார்.